தங்கப் பாலத்தில் பச்சை நாக்கு

"கை தெரியுதா?" என்று கேட்டாள் மோகனா.

"தெரியுது, தெரியுது. நீ சிரி."

"என் கை இல்லீங்க. பின்னாடி இருக்கற கை!"

ஜேக்கப் செல்போனைத் தாழ்த்திப் பார்த்தான். பின்னால் இருந்த கையைத் தவறவிடுவது அவ்வளவு சுலபமில்லை. வியட்நாமில், பா நா மலையின் உச்சியில், பொன்னிறத்தில் வளைந்து போகிற அந்தப் பாலத்தை இரண்டு ராட்சதக் கைகள் மலைக்குள்ளிருந்து நீண்டு வந்து தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு விரலும் ஆம்பூர் டவுன் பஸ்ஸைத் தூக்கி நிறுத்தினாற்போல இருக்கிறது. அதைப் படம் எடுக்கத்தான் உலகம் முழுவதிலுமிருந்து ஜனங்கள் வந்து குவிகிறார்கள். ஜேக்கப் எடுத்த படத்தில் அந்தக் கைகள் இல்லை. மோகனாவுக்கு நெற்றிக்கு மேலே தலையும் இல்லை. அவள் காலில் இருந்த செருப்பு மட்டும் வாரின் தையல் உட்பட அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது.

தொழில் தோஷம். ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் ஒரு கம்பெனியில் ஜேக்கப் குவாலிட்டி மேனேஜர். மனிதர்களை அவன் காலிலிருந்து பார்க்கத் தொடங்குவான்; நேரமிருந்தால் முகம் வரைக்கும் வருவான். சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, முன்வரிசைக்காரரின் குதிகால் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

உலகத்தில் அவன் பார்க்காத கால் ஒரே ஒரு ஜோடிதான். அது மாமனார் சாமிநாதனுடையது.

அதற்குக் காரணம் உண்டு. மோகனா ஆலங்காயத்துப் பெண். இதே கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தவள். காதல் கல்யாணம். சர்ச்சில் கல்யாணம் முடிந்து ஆலங்காயத்தில் நடந்த வரவேற்பில், "அப்பா கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கங்க" என்று யாரோ சொல்ல, சாமிநாதன் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். ஜேக்கப், "மனுஷன் கால்ல நான் விழறதில்லீங்க" என்று மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல் சொல்லிவிட்டான். பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் அது கேட்டது.

சாமிநாதன் சண்டை போடவில்லை. தூக்கிய வேட்டியை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஆனால் அன்றைக்கிருந்து மகள் வீட்டில் அவர் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. வருவார், வாசலில் நின்று பேசுவார், தண்ணீர்கூட வேண்டாம் என்று கிளம்பிவிடுவார். மருமகனிடம் பேச வேண்டியதை மகளிடம் சொல்லுவார். மருமகனும் அவருடைய காலைப் பார்க்காமல், முகத்தையும் பார்க்காமல், நடுவில் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டான்.

இதை முடித்துவைக்கத்தான் மோகனா இந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்தாள். வேலூரில் இருக்கிற ஒரு டூர் கம்பெனி மூலம் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாள். அப்பாவுக்குக் காலில் போட நல்லதாக ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதற்கு, "ஸ்டோர்ல என் பேரைச் சொல்லி ஏதாவது எடுத்துக்கச் சொல்லு" என்று ஜேக்கப் வேறு எதையோ பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

"இன்னாங்க, ஒரே ஒரு போட்டோ" என்று இப்போது பக்கத்தில் வந்து கெஞ்சினாள். "அப்பா நிப்பாரு, நாம ரெண்டு பேரும் கால்ல விழுவோம். பின்னாடி அந்தக் கை. பாக்கறதுக்கே ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கும்."

"அது ஆசீர்வாதம் பண்ணல. பாலத்தைப் புடிச்சிக்கிட்டு இருக்குது."

"போட்டோவுல யாருக்குத் தெரியப்போவுது?"

"ஆண்டவருக்குத் தெரியும்" என்றான் ஜேக்கப்.

சாமிநாதன் பாலத்தோரம் நெடுக வைத்திருந்த பூந்தொட்டிகளுக்குப் பின்னால் நின்று, கைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, கை இருக்குது. ஒடம்பு எங்க?" என்று மகளைக் கேட்டார்.

"கை மட்டுந்தான்பா கட்டியிருக்காங்க."

"அதானே பாத்தேன். முழுசாக் கட்டறதுக்கு எவன் கிட்ட நெலம் இருக்குது?" என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

"சரிங்க, எங்க ரெண்டு பேரையாவது கையோட சேத்து எடுங்க. தலையோட!" என்று சொல்லிவிட்டு அப்பா பக்கத்தில் போய் நின்றாள் மோகனா.

ஜேக்கப் செல்போனை உயர்த்தினான். அப்போதுதான் அந்த ஷூ அவன் திரைக்குள் நடந்து வந்தது.

பழுப்பு நிற ஷூ. லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்கு மட்டும் கிளிப்பச்சை. அதைப் போட்டிருந்தவர் வெள்ளைத் தாடி வைத்த, ஆள் உயரமான ஒரு வெளிநாட்டுக்காரர். கழுத்தில் ருத்திராட்ச மாலை.

ஜேக்கப்புக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

பச்சை நாக்கு வைத்த பழுப்பு ஷூவை உலகத்திலேயே ஒரு கம்பெனிதான் தைத்தது. ஒரு ஜெர்மன்காரர் ஆர்டர் கொடுத்து, அவன் கம்பெனி தைத்தது. பசை சரியில்லாமல் சோல் வாயைப் பிளக்க, ஜெர்மன்காரர் மொத்தச் சரக்கையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. ஒரு ஜோடிகூடக் கடைக்குப் போகக் கூடாது, எல்லாவற்றையும் இரண்டாக அறுத்துப் போட வேண்டும் என்றார். அறுப்பதற்குப் பொறுப்பு ஜேக்கப். ஸ்டோரில் வசந்த் நின்று அறுத்தான். ஜேக்கப், "அத்தனையும் அறுத்தாயிற்று" என்று கையெழுத்துப் போட்டு ஜெர்மனிக்கு அனுப்பினான். ஒரு துண்டுகூட ஆம்பூரைத் தாண்டியிருக்கக் கூடாத அந்தச் சரக்கு, முழுசாக, வியட்நாமில் மலையேறி நடந்துகொண்டிருந்தது. ஜெர்மன்காரருக்குத் தெரிந்தால் ஆர்டர் போய்விடும். முதலாளிக்குத் தெரிந்தால் ஜேக்கப் போய்விடுவான்.

முதலில் அத்தாட்சி வேண்டும் என்று முடிவு செய்தான்.

"மோகனா, கொஞ்சம் லெப்ட்ல போ."

போனாள்.

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் போனா தொட்டி மேல ஏறணுங்க."

"அப்ப குனி."

தாடிக்காரர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அவர் நகர நகர ஜேக்கப்பும் நகர்ந்தான். அவன் நகர்ந்ததற்குத் தகுந்தபடி மோகனாவும் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். கடைசியில் தாடிக்காரரின் கால் நடுவில் கச்சிதமாக விழுந்த ஒரு படம் கிடைத்தது. மோகனாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் இருந்தது.

அதை ஆம்பூரில் இருக்கும் தன் உதவியாளர் சோபனாவுக்கு அனுப்பினான். "இது நம்ம பச்சை நாக்குதானே?" என்று கேட்டான். ஒரு மூச்சு விட்டு, "யாருக்கும் காட்டாதே" என்று இரண்டாவதாக ஒன்று அனுப்பினான்.

சோபனா சுறுசுறுப்பான பெண். சார் கேட்டு அவள் தாமதித்ததே இல்லை. இரண்டாவது செய்தி போய்ச் சேருவதற்குள், முதல் செய்தியைப் படத்தோடு கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "சார் கேட்கிறார், யாருக்காவது தெரியுமா?" என்று எழுதிவிட்டாள். தையல்காரர்கள், பேக்கிங்காரர்கள், கேட்டில் இருக்கும் தனகோடி எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தி, "நம்மதுதான்" என்று உறுதி செய்தார்கள். அந்தக் குழுவில் முதலாளி அப்துல் வஹாபும் இருந்தார்.

போன் அடித்தது.

"இன்னாப்பா ஜேக்கப்" என்றார் வஹாப். "அறுத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டே. அறுத்த ஷூ எப்படிப்பா மலை ஏறுது?"

"அதான் சார் எனக்கும் பேஜாரா இருக்குது. எவனாவது காப்பி அடிச்சிருப்பான் சார்."

"காப்பியா நம்மளதான்னு நாக்குக்கு உள்பக்கம் பாத்தா தெரிஞ்சிடும். நம்பர் அடிச்சிருப்போம். பாத்துச் சொல்லு."

"சார், அது அந்த ஆள் கால்ல இருக்குது."

"அப்ப கால்ல போய்ப் பாரு" என்று வைத்துவிட்டார்.

ஜேக்கப் தாடிக்காரரை நெருங்கினான். "நைஸ் ஷூ சார்" என்றான். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது போலிருக்கிறது. இவன் முகத்தைப் பார்த்ததும் மலர்ந்து, "இந்தியா? திருவண்ணாமலை!" என்று கையைக் கூப்பினார். ஜேக்கப்புக்கு வேறு வழி தோன்றவில்லை. லேஸ் கட்டுகிறவன்போலக் குனிந்தான். தான் போட்டிருப்பது லேஸே இல்லாத ஷூ என்பது குனிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. குனிந்தது குனிந்தாயிற்று என்று இன்னும் கொஞ்சம் குனிந்து, கையை நீட்டிப் பச்சை நாக்கைத் தொட்டான்.

தாடிக்காரர் திருவண்ணாமலையில் பல மாதங்கள் தங்கியவர். காலைத் தொடுகிறவரை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கைகளையும் ஜேக்கப்பின் தலைமேல் வைத்து அழுத்தி, கண்ணை மூடி, ஏதோ மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். அழுத்திய அழுத்தில் ஜேக்கப் மண்டியிட்டுவிட்டான். நிமிர முடியவில்லை. பேன்ட் தழைந்து மறைத்ததால் நம்பரும் தெரியவில்லை. ராட்சதக் கைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி, இதைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். சில பேர் கை தட்டினார்கள்.

"பிரதர்!" என்று ஒரு குரல் கேட்டது.

ஜேக்கப் எழுந்து பார்த்தபோது எப்சி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அதே டூரில் வந்திருப்பவர், அதே சர்ச். கையில் செல்போன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் ஷூவைத்தான் பாத்தேன்."

"ஷூவைப் பாக்கறதுக்கு எதுக்குப் பிரதர் முட்டி போடணும்? அவரு கழுத்துல இருக்கறது இன்னான்னு பாத்தீங்களா?"

"நான் கழுத்து வரைக்கும் போகல டீச்சர்."

"உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி சபை குரூப்ல போட்டிருக்கேன்" என்றார் டீச்சர் கனிவாக. வீடியோவும் சேர்ந்து போயிருந்தது. சபைப் போதகரான ஐயர் அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்பியிருந்தார்.

ஜேக்கப் திரும்பினான். மோகனா நின்றாள்.

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை.

"நான் இன்னா கேட்டேன்?" என்றாள். "எங்கப்பா கால்ல ஒரே ஒரு தடவ. ஒரு போட்டோவுக்கு. அதுக்கு ஆண்டவரக் கூப்ட்டீங்க. பேரு தெரியாத ஊரு தெரியாத ஒருத்தன் கால்ல, இத்தன ஜனம் பாக்க விழுந்து எழுந்திருக்கறீங்க. எங்கப்பா கால்ல இன்னாங்க கொற? சேறு ஒட்டியிருக்குதா?"

"மோகனா, இது வேற விஷயம். தொழில் விஷயம்."

"அவரு என் வூட்ல சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? இன்னைக்காவது நீங்க மனசு மாறுவீங்கன்னு எல்லார் கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். வூட்டுக்குப் போனதும் அவருக்கு மீன் கொழம்பு வெக்கணும்னு இருந்தேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "இப்ப வந்து அவரு கால்ல விழுங்க. இல்லேன்னா நான் அப்பாவோட ஆலங்காயம் போய்டறேன். நீங்க அந்தத் தாடிக்காரனோடயே இருங்க."

ஜேக்கப்புக்கு உண்மையிலேயே மனசு வலித்தது. தன்னுடைய கொள்கை தன் மனைவியின் அடுப்பில் ஒரு குழம்பு கொதிக்க விடாமல் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. பூந்தொட்டிகளுக்குப் பின்னால் நின்ற மாமனாரைப் பார்த்தான். நாலு எட்டு வைத்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். ஒரு எட்டு வைத்தும் விட்டான்.

போன் அடித்தது.

அவன் மாமனாரைப் பார்த்தான், போனைப் பார்த்தான். போனை எடுத்தான். மோகனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பாவிடம் போய்விட்டாள்.

"பார்த்தியா?" என்றார் வஹாப். பின்னால் பெருங்கூட்டத்தின் சத்தம் கேட்டது. "மிஷின் எல்லாம் நிறுத்திட்டு ஜனங்க இங்கதான் நிக்கறாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஸ்டோர் வசந்தையும் கூப்ட்டு நிக்க வெச்சிருக்கேன்."

ஒரு நொடியில் ஜேக்கப்புக்கு வெளிச்சம் தெரிந்தது. அறுத்தவன் வசந்த். சாவி வசந்திடம். கையெழுத்து மட்டும்தான் தன்னுடையது.

"சார், எனக்கும் அவன் மேலதான் டவுட்டு. ஸ்டோரை விட்டு ஒரு ஜோடி போச்சுன்னா அவனைத் தாண்டித்தான் சார் போகணும்."

"சார்!" என்று வசந்தின் குரல் அலறியது. "நீங்க சொல்லாம ஒரு லேஸ்கூட நான் வெளிய விட்டதில்ல சார்!"

"வாயை மூடு!" என்றான் ஜேக்கப். அவனுக்குத் தன் குரலே பிடித்துப்போயிற்று. ஆம்பூரில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்கிறார்கள் என்பது அதற்கு இன்னும் கொஞ்சம் கம்பீரம் கொடுத்தது. "சார், நான் ஒண்ணு சொல்றேன். இதைப் பாவம் பாத்து விட்டா நாளைக்கு எல்லாரும் எடுத்துக்கிட்டுப் போவாங்க. யார் பேரைச் சொல்லி அந்த ஷூ வெளிய போச்சோ, அவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும். எவனா இருந்தாலும் சரி."

"எவனா இருந்தாலுமா?"

"என் கூடப் பொறந்தவனா இருந்தாலும் சார். குவாலிட்டின்னா குவாலிட்டிதான்."

"சரிப்பா. எல்லாரும் கேட்டுக்குங்க, ஜேக்கப் சொன்னதுதான் முடிவு" என்றார் வஹாப். "இப்ப வீடியோல வா. நம்பரைக் காட்டு. அவன் எங்க வாங்கினான்னும் கேளு."

ஜேக்கப் வீடியோவைப் போட்டுக்கொண்டு ஓடினான். தாடிக்காரர் பாலத்தின் அந்தக் கோடியில், டூர் மேனேஜர் நெல்வினுடன் பேசிக்கொண்டிருந்தார். நெல்வின் வேலூர் பையன். எந்த நாட்டுக்காரனோடும் அந்த நாட்டுப் பாஷையில் நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்துவிடுவான். இறங்குகிற நேரமாகிவிட்டதால் தன் ஆட்களைத் தலை எண்ணிக்கொண்டிருந்தான். காலையில் ஏறும்போது, மாமனாரோடு ஒரே பெட்டியில் உட்கார வேண்டாமென்று ஜேக்கப் முந்திக்கொண்டு எப்சி டீச்சர் ஏறிய கேபிள் காரில் ஏறிக்கொள்ள, மோகனாவையும் சாமிநாதனையும் நெல்வின்தான் அடுத்த பெட்டியில் அழைத்து வந்தான்.

"நெல்வின், இவரைக் கொஞ்சம் அசையாம நிக்கச் சொல்லு."

"ஏன் சார், மறுபடியும் ஆசீர்வாதமா?"

ஜேக்கப் நேராகக் குனிந்தான். இந்த முறை பாவனை எதுவும் இல்லை. பாலத்தின் மேல் முழங்காலை ஊன்றி, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, தாடிக்காரரின் பேன்ட்டை உயர்த்தி, லேஸைத் தளர்த்தி, பச்சை நாக்கை வெளியே இழுத்தான். சோல் முன்பக்கம் பல்லி வாய்போலத் திறந்துகொண்டது. தாடிக்காரர் மறுபடியும் கண்ணை மூடிக் கைகளைத் தலையில் வைத்தார். ஜனங்கள் மறுபடியும் சூழ்ந்துகொண்டார்கள். எப்சி டீச்சர் மறுபடியும் வீடியோவை ஆரம்பித்தார். மோகனா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் ஜேக்கப்புக்கு இல்லை.

"நம்பர் இருக்குது சார்!" என்று கத்தினான். "நம்ம நம்பர்தான்! நம்ம சரக்கேதான்!"

ஆம்பூரில் ஒரு பெருமூச்சு எழுந்தது இங்கே வரைக்கும் கேட்டது. வசந்த் ஏதோ அழுதுகொண்டே சொல்ல, யாரோ அவனை அடக்கினார்கள்.

"சரி, இப்ப கேளு" என்றார் வஹாப், போனுக்குள்ளிருந்து. "எங்க கிடைச்சுது? யார் குடுத்தா? எங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லச் சொல்லு."

ஜேக்கப் தாடிக்காரரின் கைகளுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே எடுத்து, போனை நெல்வின் முகத்துக்கு நேராக நீட்டினான். "நெல்வின், இந்த ஷூ இவருக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு அவரு பாஷையில கேட்டு, சத்தமாச் சொல்லு."

நெல்வின் சிரித்தான்.

"அவரை எதுக்கு சார் கேக்கணும், நான்தான் கூடவே இருந்தேனே? கேபிள் கார்ல இவரு செருப்பு அறுந்து போச்சு, உடனே உங்க மாமனார் தன் கால்ல இருந்ததைக் கழட்டி, 'போட்டுக்கய்யா, ஸ்டோர்ல தன் பேரைச் சொல்லி எடுத்துக்கச் சொல்லி என் மாப்ளை எனக்குன்னே குடுத்த ஷூ இது'ன்னு அவ்ளோ பெருமையாச் சொல்லிக் குடுத்தாரு சார்!"